கோலில் ஒரு வெட்டு

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அது போன வருடம் ஊராட்சியிலிருந்து வந்த ஒருவரைக் கவிழ்த்துவிட்டது. இப்படிக் களத்தில், இந்த மிளகு மூட்டை மேல் உட்காருங்க. காற்றும் வரும், எதிர்ச் சரிவும் தெரியும். பன்றிச் சேதம் எழுதத்தானே வந்திருக்கீங்க? அங்கமுத்து கையெழுத்துப் போடணும், அவ்வளவுதானே? வருவான். என் மச்சினன்தான். அதோ, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பலா மரத்தடியில் ஒரு தகரம் மின்னுது பாருங்க, அதுதான் அவன் காவல் பரண். மூணு மணிக்கே துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பார்த்தால் பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரியும். காக்கை பறந்தால் ஒரு கிலோமீட்டர். ஆள் நடந்தால் ஓடைக்கு இறங்கி மறுபடி ஏறணும், ஒரு மணி நேரம். உங்கள் செருப்பைப் பார்த்தால் ஒண்ணேகால். பன்றி ஆறரைக்கு இறங்கும். கடிகாரம்தான் கட்டவில்லை, மற்றபடி அரசாங்க உத்தியோகஸ்தனை விட நேரம் தவறாது. உங்களைச் சொல்லவில்லை. இப்போது மணி என்ன? அஞ்சா? நேரம் கிடக்கு. ஏ வெள்ளையம்மா, சாருக்கு ஒரு காப்பி!

வீட்டுக்காரி. அங்கமுத்துவுக்கு அக்கா. அவன் பிறந்த வருடமே அவர்கள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கள் கல்யாணத்தில் இவள் அவனை மடியில் வைத்துக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தாள். தாலி கட்டக் குனிந்தேன், பயல் என் குடுமியைப் பிடித்து இழுத்தான். ஆமாம், அப்போது எனக்குக் குடுமி இருந்தது. சரி, குடுமி இல்லை, முன்முடி. நாற்பத்தாறு வருடமாக இழுத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு சார், முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீங்க. பன்றியைச் சுடுவதற்கு இல்லை, சத்தம் காட்டி விரட்டுவதற்கு. ஈயம் போடுவானா என்று கேட்காதீங்க, நானும் சொல்லவில்லை. அது என் அப்பாவின் துப்பாக்கி. அப்புறம் என்னுடையது. இந்த மாசி மாதத்திலிருந்து அவனுடையது.

துப்பாக்கி என்றால் பெரிய மாயம் என்று நினைப்பீங்க. ஒரு பக்கம் அடைத்த குழாய், அவ்வளவுதான். எங்களுடையது வாய் வழியாக நிரப்புகிறது. மருந்தைக் கொட்டணும், மேலே தேங்காய் நார் வைத்துக் கோலால் இடிக்கணும், அதற்கு மேலே ஈயம், மறுபடி நார். அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை, அதன் தலையில் பொட்டு வெடி மாதிரி ஒரு கேப்பு. விசையை இழுத்தால் குதிரை, அந்தச் சின்னச் சுத்தி, வந்து கேப்பில் தட்டினால் பொறி உள்ளே போகும், மருந்து பற்றும். பற்றினால் என்ன ஆகும்? குண்டைத் தள்ளும் என்பீங்க. இல்லை சார். மருந்து புகையாகும். ஒரு சிட்டிகை மருந்துக்கு ஒரு கூடைப் புகை. அந்தக் கூடைப் புகைக்குக் குழலுக்குள் இருப்பது ஒரு கட்டைவிரல் இடம். அதுவும் கொதிக்கிற புகை. பந்திக்குக் கதவைத் திறக்கும் முன்னால் கல்யாண வீட்டில் கூட்டம் முட்டுமே, அந்த மாதிரி முட்டும். பக்கவாட்டில் முட்டும், பின்னால் முட்டும், முன்னால் முட்டும். எது இளைத்த இடமோ அது வழிவிடும். குண்டு இளைத்தது, அதனால் அது போகிறது. மற்றபடி குண்டுக்கு ஒரு சாமர்த்தியமும் கிடையாது.

முன்னால் குண்டு போனால் பின்னால் துப்பாக்கி வந்தே ஆகணும். குண்டு லேசு, பறந்துவிடும். துப்பாக்கி கனம், தோளை ஒரு இடி இடிப்பதோடு நிற்கும். இதை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. என் இருபத்தைந்தாவது வயதில் அணைக்கட்டுத் தண்ணீரில், துடுப்பு தொலைந்து, பரிசலில் தனியாக மாட்டிக்கொண்டேன். காற்று நடுவே இழுக்கிறது. என்ன செய்தேன்? கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சுட்டேன். பரிசல் ஒரு முழம் கரைப்பக்கம் வந்தது. மறுபடி மருந்து, மறுபடி நார், மறுபடி ஒரு முழம். பதினோரு வெடியில் கரை சேர்ந்தேன்.

சிரிங்க. எல்லோரும் இந்த இடத்தில்தான் சிரிப்பார்கள். அங்கமுத்து என்ன கேட்டான் தெரியுமா? “பதினோரு வெடிக்கு மருந்து கொண்டுபோன மனுஷன், மாமா, ரெண்டாவதா ஒரு துடுப்பு கொண்டுபோயிருக்கக் கூடாதா?” டீக்கடை முழுக்க ஆள் இருக்கும்போது கேட்டான். நானும் சிரித்தேன். அவன் அப்படித்தான். எதையும் நேராகப் பார்ப்பான், நேராகக் கேட்பான்.

நேராக எதுவும் போகாது சார். குண்டே போகாது. குழலை விட்டு வெளியே தலை நீட்டின அந்தக் கணமே விழ ஆரம்பித்துவிடும். உங்கள் கையிலிருந்து நழுவுகிற பேனா எப்படி விழுமோ அதே வேகத்தில். போகிற வேகத்தில் போகும், விழுகிற வேகத்தில் விழும், ஒன்று மற்றொன்றைக் கேட்காது. அதனால் தூரத்தில் இருப்பதைச் சுட, மேலே பிடிக்கணும். எவ்வளவு மேலே என்பது கைக்குத் தெரியும். என் கைக்குத் தெரியும்.

அந்தக் கையைப் பார்த்துத்தான் அங்கமுத்து ஊரைச் சிரிக்க வைத்தான்.

லைசென்ஸ் புதுப்பிக்க இந்த வருடம் என்னை ஆபீஸுக்கு நேரில் கூப்பிட்டார்கள். ‘வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, என் பேருக்கு மாற்றிக் கொடுங்கள்’ என்று மனுக் கொடுத்ததே இவன்தான் என்று அங்கே போன பிறகுதான் தெரியும். மேஜைக்குப் பின்னால் ஒரு அம்மா. தன்மையாகத்தான் பேசினாள். “கையை நீட்டுங்க ஐயா” என்றாள். நீட்டினேன். புறங்கையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். தாள் ஆடியது. மேலே மின்விசிறி சுற்றுகிறது சார், தாள் ஆடாதா? விசிறியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். விசிறி உடனே நிற்குமா, அதன் பாட்டில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதற்குள் இவன் சொல்கிறான்: “மாமாவுக்குக் கை ஆடறது பரவால்லைம்மா. வாய்தான் அதுக்கு மேல ஆடும்.” அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கதவோரம் நின்ற ப்யூன் குனிந்து சிரித்தான். ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்கிறீங்க? கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். அப்பா கொடுத்த துப்பாக்கி.

காப்பி வந்துவிட்டது, வாங்கிக்குங்க. என்ன சொல்கிறாள் கேட்டீங்களா? நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வெளியே கொட்டிவிடணுமாம். போ புள்ள, போய் உன் மொச்சைக் குழம்பைக் கிளறு. தம்பி எட்டு மணிக்குச் சாப்பிட வருவான், அவனுக்கு மொச்சை, மத்தியானம் எனக்கு வெறும் ரசம். இல்லை சார், என் கையில் காப்பி சிந்தினது டம்ளர் சூட்டினால்.

போய்விட்டாளா? கொஞ்சம் பக்கத்தில் வாங்க. மெல்லச் சொல்கிறேன், அடுப்படி வரை கேட்க வேண்டாம்.

வாய் வழியாக நிரப்புகிற துப்பாக்கியில் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. மடக்கிப் பார்க்க முடியாது, எட்டிப் பார்த்தால் இருட்டு. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். காலிக் குழலில் கோலை விட்டு, குழல் வாய்க்கு நேராகக் கோலில் ஒரு வெட்டுப் போட்டுவிடுவோம். அப்புறம் எப்போது சந்தேகம் வந்தாலும் கோலை உள்ளே விடணும். வெட்டு வாயோடு வந்து நின்றால் குழல் காலி. நாலு விரல் மேலே நின்றால் உள்ளே சரக்கு இருக்கிறது. இந்த மலையில் எல்லோருக்கும் இதுதான் கண். போலீஸ்காரர்களும் இதைத்தான் நம்புவார்கள்.

தை மாதம் என் பழைய கோல் முறிந்துபோனது. புதிதாக ஒன்று சீவினேன். குழலில் விட்டேன். வாய்க்கு நேராக வெட்டுப் போட்டேன். அழகான வெட்டு, கை நடுங்குகிறவன் போடுகிற வெட்டு இல்லை.

குழலில் முதல் நாள் போட்ட மருந்தும் ஈயமும் அப்படியே இருந்தன சார்.

மறந்துவிட்டேன். பன்றிக்குக் காத்திருந்தேன், வரவில்லை, கேப்பை மட்டும் கழற்றிவிட்டு மாட்டி வைத்துவிட்டேன். காலையில் எழுந்து கோல் சீவினேன். இப்போது புரிகிறதா? அந்தக் கோலுக்கு நிறைந்த குழல்தான் காலி.

அப்புறம் அதைச் சுடவே இல்லை. லைசென்ஸ் சண்டை வந்துவிட்டது. பெயர் மாறும் வரை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஏட்டு கோலை உள்ளே விட்டார், வெட்டு வாயோடு வந்து நின்றது. “காலி” என்று எழுதிக்கொண்டார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கும் திருப்திதான். போன வாரம் அங்கமுத்து கையில் கொடுத்தார்கள். மூன்று நாள் முன்னால் வெள்ளையம்மா என் முறிந்த கோலை அடுப்பில் வைக்கப் போனாள். பிடுங்கி வைத்துக்கொண்டேன், அப்பா வெட்டுப் போட்ட கோல். அன்றைக்கு அங்கமுத்து துப்பாக்கியின் வெளித் துருவைத் துடைக்க இந்தக் களத்துக்குத்தான் வந்தான். சும்மா இருக்காமல் பழைய துண்டுகளைச் சேர்த்துப் புதுக் கோலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடி சமமாக இருக்கிறது. வெட்டு நாலு விரல் தள்ளி இருக்கிறது.

அவன் கேட்டான்: “என்ன மாமா, தானா சிரிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல மாப்ள” என்றேன்.

ஏன் சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டீங்க? ஆறிவிடும்.

இன்று என்ன செய்வான் என்கிறீங்களா? கைக்கு வந்த பிறகு இன்றைக்குத்தான் முதல் முறையாக நிரப்பப் போகிறான். வெளிச்சம் இறங்கும்போது கோலை விட்டுப் பார்ப்பான். வெட்டு வாயோடு நிற்கும். காலி என்று நினைத்து, முறைப்படி மருந்து போட்டு, நார் இடித்து, ஈயம் போடுவான். கொஞ்சம் தாராளமாகவே போடுவான், அவன் வழக்கம். மேலே போட்ட மருந்துக்குப் பொறி எட்டாது. அடியில் இருக்கிற என் மருந்துதான் பற்றும். அதன் தலையில் ஒரு சுமைக்கு ரெண்டு சுமை. நார், ஈயம், மருந்து, நார், ஈயம். முன்பக்கம் இளைத்த இடம் இல்லாமல் போச்சு. அப்புறம் அந்தப் புகை வேறு இடம் தேடும். குழலின் இடப்பக்கம், துப்பாக்கிக் கட்டையோடு சேர்கிற இடத்தில், முடி மாதிரி ஒரு விரிசல் ஓடும். அப்பா காலத்திலேயே உண்டு. கன்னம் வைக்கிற இடம் அது.

சொன்னேன் சார்! சொல்லாமல் இருப்பேனா? அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். ஒரு கிழட்டுப் பன்றி நம் வீட்டுக் கூரையில் செருகியிருந்த கோலைத் திருடிக்கொண்டு போனது, ஆசாரியிடம் போய் “நாலு விரல் தள்ளி வெட்டுப் போடு ஆசாரி” என்று கேட்டது, ஆசாரியும் பயந்து போட்டுக் கொடுத்தார், பன்றி திரும்பக் கொண்டுவந்து செருகிவிட்டுப் போகும்போது “இனிமே காலிங்கறது நெறஞ்சது, நெறஞ்சதுங்கறது காலி, பாத்து நடந்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனது என்று சொன்னேன். எல்லாம் அதில் இருந்ததே? கோல், வெட்டு, நாலு விரல். கவனித்துக் கேட்கிறவனுக்குப் புரியும். அங்கமுத்துவுக்குச் சிரித்துச் சிரித்து டீ புரையேறியது. “ஆசாரிக்குக் கூலியா என்ன குடுத்துச்சு மாமா, பன்றி?” என்கிறான். அதைத்தான் கேட்டான்.

பன்றி இல்லாமல் சொல்லியிருக்கலாம். சொல்லலாம். ‘மாப்ள, நான் வெட்டைத் தப்பாப் போட்டுட்டேன், மறந்துட்டேன், எனக்கு வயசாயிருச்சு’ என்று சொல்லணும். எழுபத்து நாலு வயதில், அவனிடம். அவன் அதை எங்கே கொண்டுபோய் வைப்பான் தெரியுமா? அந்த மேஜைக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பான். “பாத்தீங்களா அம்மா, நான் அன்னைக்கே சொன்னேன்” என்பான்.

மணி என்ன? ஆறு ஆகப் போகிறதா? அட. பேச்சில் தெரியவே இல்லை.

இப்போது இறங்கினால் ஏழு தாண்டிப் போய்ச் சேருவீங்க. அஞ்சு மணிக்கே சொல்லியிருந்தால் ஆறேகாலுக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் வீட்டுக்கு வந்த மனுஷனை உட்காரச் சொல்லாமல், காப்பி கொடுக்காமல், வாசலிலேயே இதையா சொல்வார்கள்? ஒரு முறை வேண்டாமா? போன் எடுக்காதீங்க, எடுத்தும் பிரயோஜனமில்லை. பரணில் ஏறினால் அணைத்துவிடுவான். பன்றிக்கு அந்தச் சின்ன வெளிச்சம் போதும், திரும்பிவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன், மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீங்க. குழல் காலியாகவும் இருக்கலாம். தை மாதக் கடைசியில் அந்த மருந்தை நானே சுட்டுத் தீர்த்ததாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே வெடியில் ரெண்டு பன்றி. இதை உங்கள் நோட்டில் எழுதாதீங்க. சொல்லிச் சொல்லி அந்த ரெண்டு பன்றியின் முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்றுக்கு இடது காது கிழிந்திருக்கும். கறி தின்ற ஞாபகம்தான் இல்லை.

ஆமாம். ஸ்டேஷனில் வெட்டு வாயோடு நின்றதே என்கிறீங்க. நின்றது. காலியாக இருந்திருந்தால் உள்ளே முங்கியிருக்கும். நானும் அதை யோசித்துப் பார்க்காமல் இல்லை. மூன்று ராத்திரி யோசித்தேன். ஒவ்வொரு காலையிலும் போய்ச் சொல்லத்தான் வேட்டி மாற்றினேன். நேற்று ஓடை வரை இறங்கிவிட்டேன் சார், சத்தியமாக. எதிரே அவனே வந்தான். “என்ன மாமா, பரிசல் ஏதும் வருமான்னு பாக்கறீங்களா?” என்றான். முழங்கால் தண்ணீர் ஓடை அது. திரும்பி வந்துவிட்டேன்.

மேகம் ஏறுகிறது பாருங்க. மேகம் ஏறினால் பன்றி ஆறரை பார்க்காது.

வெள்ளை? நீ எப்போ வந்தே? அடுப்பில் குழம்பு இருக்கும்போது… சார் கிட்டே சும்மா பேசிக்கிட்டு… என்ன? என்ன கேட்கிறே? கதையா நெசமான்னா?

சட்டையை விடு புள்ள.

நெசம்.

நெசம்தான், வெள்ளை. குழல் நெறஞ்சிருக்கு. கதை இல்ல.

பார்த்தீங்களா சார், ஓடுகிறாள். அறுபத்தாறு வயது, மூட்டு வலி என்று நேற்று முழுக்கப் படுத்திருந்தவள். களத்து விளிம்புக்குப் போகாதே, புள்ள, மண் இளகியிருக்கு! கேட்க மாட்டாள். கூப்பிடு. கூப்பிடு, நல்லா இழுத்துக் கூப்பிடு. “தம்பீ”ன்னு மட்டும் கூப்பிட்டா சோத்துக்குக் கூப்பிடறேன்னு நினைப்பான். சுடாதேன்னு சொல்லு! காத்து எதிர்ல அடிக்குதே. நீங்க வாங்க சார், உங்க தொண்டை வாலிபத் தொண்டை, நீங்க கத்துங்க. ‘குழல்ல மருந்து இருக்கு, சுடாதே’. பன்றியெல்லாம் வேண்டாம், இதை மட்டும் கத்துங்க.

அங்கமுத்தூ! மாப்ள! நான்தான்… தப்பாப் போட்டுட்டேன்… என் தப்பு மாப்ள…

அதோ.

பலா மரத்துக்கு இந்தப் பக்கம். வெள்ளையா. பனி இல்ல சார், புகை.

சத்தம் இன்னும் வரல. இவ்வளவு தூரத்துக்கு மூணு எண்ணணும். இவ குரல் போய்க்கிட்டிருக்கு, அது வந்துக்கிட்டிருக்கு, நடுப் பள்ளத்துல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தாண்டும். நல்ல வெடின்னா புகை நீளமா ஒரு பக்கமாப் போகும். குழல் கிழிஞ்சா உருண்டையா அதே இடத்துல நிக்கும். எனக்குக் கண் கலங்கிக் கிடக்கு, தெரியல. அவ திரும்பி என்னைப் பாக்கறதுக்குள்ள சொல்லிருங்க சார். நீளமா, உருண்டையா?